1898 பிளேக்: ஆங்கிலம், நாடகம், சமூக அறிவியல் மூணும் ஒரே யூனிட்டில். வகுப்பில் எது ஓடும், எது கவிழும்?

அல்சூர் மிஸ்
வணக்கம். ஆறாம் வகுப்பு, 40 பிள்ளைகள், 40 நிமிஷப் பீரியட், மொத்தம் ஆறு பீரியட். தலைப்பு பெங்களூரு பிளேக். "மாணவர்கள் பிளேக் பற்றிப் புரிந்துகொள்வார்கள்"னு குறிக்கோள் எழுதினா திருப்பி அனுப்பிடறாங்க. இது மாதிரி யூனிட் நடத்தினவங்க வகுப்பில் கண்டதைச் சொல்லுங்க.

சரித்திர வாத்தியார்
திருப்பி அனுப்பினதுல தப்பில்லைங்க மிஸ். புரிஞ்சுதான்னு கண்ணால பார்க்க முடியாது. பிள்ளை சொல்றது, அடுக்குறது, எழுதுறது இதைத்தான் பார்க்க முடியும். குறிக்கோளையும் அப்படியே எழுதணும். உங்க யூனிட்டுக்கு ரெண்டு போதும். ஒண்ணு, ஐந்து நிகழ்வுகளைக் கால வரிசையில் அடுக்குவார். ரெண்டு, ஓர் ஆதாரத்தைக் காட்டி, அது சொல்வது எது, நாம் ஊகிப்பது எது என்று பிரித்துச் சொல்வார்.

அடுக்க வேண்டியவை: 1894இல் ஹாங்காங்கில் யெர்சின் கிருமியைக் கண்டது, 1896இல் பம்பாயில் நோய் வந்தது, 1897இல் ஹாஃப்கினின் தடுப்பூசி, 1898இல் கராச்சியில் சீமோன் நோயைப் பரப்புவதில் எலித்தெள்ளின் பங்கைக் கண்டது, அதே 1898 ஆகஸ்டில் பெங்களூரில் நோய் நுழைந்தது. நாடகத்தில் எந்தப் பாத்திரம் எதைப் பேசலாம்னு தீர்மானிக்கிறது இந்த வரிசைதான். தடுப்பூசின்னு பேசலாம். எலி செத்துக் கிடக்குன்னு அலறலாம். தெள்ளுன்னு மட்டும் வாயைத் திறக்கக் கூடாது. சீமோன் சொன்னதை அப்போ மத்த விஞ்ஞானிகளே நம்பல, பேட்டையில், அதாவது பழைய ஊரில், அரிசி விற்கிறவருக்கு எப்படித் தெரியும்?

கோவிட் பேச்சு வீட்டில் கேட்டு வளர்ந்த பிள்ளைகள், அதனால லாக்டவுன், சானிடைசர், வைரஸ் மூணும் கட்டாயம் வசனத்துக்குள்ள வரும். பிளேக்குக்குக் காரணம் பாக்டீரியா, வைரஸ் இல்லை. பலகையின் ஓரத்தில் "1898 நாடகத்தில் வரக்கூடாத சொற்கள்"னு ஒரு பெட்டி போட்டு, பிள்ளைகளையே நிரப்ப விடுங்க. அந்தப் பெட்டி நிரம்பற வேகத்தைப் பார்த்தாலே யாருக்குக் காலம் பிடிபட்டிருக்குன்னு தெரிஞ்சிடும்.

அடுத்த வழுக்கல், எல்லாக் குழுவும் "மகாராஜா உத்தரவு"ன்னு ஆரம்பிக்கும். மைசூர் மகாராஜா நாலாம் கிருஷ்ணராஜ உடையாருக்கு அப்போ 14 வயசு. ஆட்சிப் பொறுப்பு அவர் அம்மா கையில், நிர்வாகம் திவான் சேஷாத்ரி ஐயரிடம். அதுவும் பேட்டைப் பக்கம்தான். உங்க அல்சூர் உட்பட கன்டோன்மென்ட், அதாவது ராணுவக் குடியிருப்புப் பகுதி, ஆங்கிலேயர் கீழே. ஆகவே அல்சூர் வீட்டுக் கதவைத் திவான் ஆள் தட்டினா காட்சி தப்பு. ஒரே ஊரில் ரெண்டு அரசாங்கம் இருந்ததைப் பிள்ளைகள் இந்த ஒரு தட்டலிலேயே பிடிச்சுக்குவாங்க, வரைபடம் போட்டு அரை மணி நேரம் விளக்கினாலும் இது வராது.

ஆதாரத்துக்கு சிக்பேட்டை, மல்லேஸ்வரம் ரெண்டையும் ஒரே அளவுகோலில் வரைபடம் அச்செடுத்துக் கொடுங்க. ஒண்ணில் வளைஞ்ச சந்து, இன்னொண்ணில் கட்டம் போட்ட தெரு, வீடுகளுக்குப் பின்னால கன்சர்வன்சி சந்து, அதாவது துப்புரவு வேலைக்கான சந்து. உடனே "பிளேக்கினால் மல்லேஸ்வரம் உண்டானது"ன்னு எழுதுவாங்க. அங்கேதான் நிறுத்தணும். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் 1890களின் தொடக்கத்திலேயே திட்டமிட்டவை; நோய் வந்த பிறகு ஜனம் வேகமாகக் குடியேறுச்சு, அவ்வளவுதான். "உண்டாக்கியது", "வேகப்படுத்தியது" ரெண்டையும் பிரிச்சு எழுதற பிள்ளைக்கு அந்தக் குறிக்கோள் முழுசா கைகூடிடுச்சுன்னு எடுத்துக்கலாம்.

கூத்துப்பட்டறை ரசிகன்
வாத்தியார் சொன்னதோட நாடகப் பக்கம் ஒரு விண்ணப்பம்: வசனம் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறதை நாடகக் குறிக்கோள்னு எழுதாதீங்க. ஆண்டு விழாவுக்கு அது சரி. இந்த வயசுக்கு மூணு பார்த்தா போதும்: பாத்திரத்தை விட்டு வெளியே வராமல் இரண்டு நிமிஷம் நிற்பார், கடைசி பெஞ்சுக்குக் கேட்கப் பேசுவார், மற்றவர் பேசும்போது அதைக் கேட்டு அதற்குப் பதில் சொல்வார். மூணாவதுதான் கஷ்டம், பெரும்பாலான வகுப்பில் அதைத்தான் விட்டுடறாங்க.

தொடக்கம் ஃப்ரீஸ் ஃப்ரேம், அதாவது குழு ஒரு காட்சியாக உறைஞ்சு நிற்கிறது. குழுவுக்கு ஐந்து பேர். எட்டுப் பேர் போட்டா மூணு பேர் மரமா நிற்பாங்க. தயாரிக்க மூணு நிமிஷம், அதுக்கு மேல கொடுத்தா யார் இன்ஸ்பெக்டர்னு சண்டை. அசையாமல் பத்து விநாடி. நீங்க போய்த் தோளைத் தொட்டா அந்தப் பாத்திரம் மனசில் நினைக்கிறதை ஒரே வாக்கியத்தில் சொல்லணும். விட்டா பிரேயர் வரிசை மாதிரி நிற்பாங்க. ஒருத்தர் உட்காரணும், ஒருத்தர் மண்டியிடணும், மத்தவங்க நிற்கலாம்னு விதி வச்சா காட்சி தானா அமையும்.

சாவுக் காட்சி வேண்டவே வேண்டாம். ஒரு பையன் நாக்கைத் தள்ளிட்டு விழுவான், மொத்த வகுப்பும் சிரிச்சு முடிக்க அந்தப் பீரியட் சரியா இருக்கும். அதிகாரி வாசலில் நிற்கிறார், "காலி பண்ணுங்க"ன்னு சொல்லியாச்சு, பாட்டி அசைய மாட்டேன்கிறார். இந்த ஒரு கணம் போதும். பாத்திரங்களைச் சீட்டுக் குலுக்கிக் கொடுங்க. பிள்ளையின் பேரையோ மதத்தையோ பார்த்துக் கொடுத்தா அடுத்த நாள் பெற்றோர் வாசலில் நிற்பாங்க, அவங்க நிற்கிறது நியாயமும்கூட.

கிராமர் அக்கா
ஆங்கிலக் குறிக்கோள் ஹாட் சீட்டிங்கில் இருக்கு தங்கச்சி. ஒரு பிள்ளை பாட்டியா நாற்காலியில் உட்காரணும், மத்தவங்க கேள்வி கேட்கணும். "கடந்த காலத்தில் ஐந்து கேள்விகள் பிழையில்லாமல் கேட்பார்"ன்னு எழுதுங்க. நம்ம பிள்ளைகள் முதலில் "வை யூ வென்ட்?"னுதான் கேட்கும், தமிழில் கேள்விச் சொல் வந்தாலும் வாக்கியம் இடம் மாறாதில்லையா. திருத்தினா "வை டிட் யூ வென்ட்?"னு இன்னொரு தப்பு வரும்.

இதுக்கு அட்டை. மூணு பிள்ளைகள் "யூ", "வென்ட்", "தேர்" அட்டையோட நிற்கணும். "வென்ட்" அட்டையின் பின்பக்கம் "கோ". நாலாவது பிள்ளை "டிட்" அட்டையோட முன்னால வந்து நின்னதும், "வென்ட்" பிள்ளை அட்டையைத் திருப்பியே ஆகணும். மறந்தா வகுப்பே கத்தும். பத்து வினைச்சொல் போதும்: கோ, கம், சீ, லீவ், டேக், கிவ், டெல், ஃபைண்ட், கெட், ரன். "வாஸ், வேர்" கேள்விகளை அதே நாளில் கலக்காதீங்க, "டிட் யூ வேர் அஃப்ரெய்ட்?"னு வரும். ஒரு நாள் விட்டு எடுங்க.

நாற்காலியில் உட்காரும் பிள்ளைக்கு முந்தின நாளே பாத்திரச் சீட்டு கொடுத்துடணும்: வயசு, தெரு, வீட்டில் யார் யார், எதுக்குப் பயம். நாலு வரி. இல்லன்னா எல்லாக் கேள்விக்கும் "ஐ டோன்ட் நோ"தான்.

அல்சூர் மிஸ்
ரொம்ப நன்றிங்க. 40 பேருக்கு எப்படி மார்க் போடறது?

கூத்துப்பட்டறை ரசிகன்
ஒரே பீரியடில் எல்லாரையும் பார்க்காதீங்க. முதல் பீரியட் கால வரிசை அட்டைக்கே போயிடும். மீதி ஐந்தில் பீரியடுக்கு எட்டுப் பேர், கையில் பேர்ப்பட்டியல், மூணே குறி: தானாகச் செய்தார், தூண்டினால் செய்தார், இன்னும் இல்லை. நடிப்புத் திறமைக்குத் தனி மார்க் வேண்டாம்.

சரித்திர வாத்தியார்
ஒண்ணு விட்டுப்போச்சு. பெங்களூரில் பிளேக் அம்மன் கோவில்கள் இருக்கு. பக்கத்தில் இருந்தா போட்டோ எடுத்து ஆதாரமா வையுங்க. "கோவில் இருக்கு" ஆதாரம், "ஜனம் பயந்துச்சு" ஊகம். ரெண்டையும் ரெண்டு நிறப் பேனாவில் எழுதச் சொல்லுங்க.