மழையில் தோட்ட ஷெட்டின் ஒரு மூலை இறங்கிவிட்டது, கான்கிரீட் போட்டே ஆக வேண்டுமா?

ஹொரமாவு செல்வி:
பெங்களூரில் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் துண்டு நிலத்தில் மண்வெட்டி, உரமூட்டை, பழைய சைக்கிள் எல்லாம் வைக்க 6க்கு 8 அடியில் ஒரு தகர ஷெட் போட்டோம். புல்லைச் செதுக்கிவிட்டு 6 சாலிட் பிளாக் வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டம், அவ்வளவுதான். செப்டம்பர் மழையில் காம்பவுண்டுப் பக்கத்து மூலை ஒன்றரை அங்குலம் இறங்கிவிட்டது, இப்போது கதவைத் தோளால் முட்டித்தான் திறக்கிறேன். மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "எல்லாத்தையும் எடுத்துட்டு 6 அங்குலம் கான்கிரீட் போட்டுடலாம்மா" என்கிறார். ஒரு மண்வெட்டி படுத்துக் கிடக்க இவ்வளவு செலவா?

ரசமட்டம்:
அம்மா, கான்கிரீட் பேச்சு அப்புறம். அந்த மூலையில் இருப்பது பழைய மண்ணா, கொட்டி நிரப்பியதா? ஒரு கடப்பாரையை எடுத்து நாலு மூலையிலும் ஒரே மாதிரி குத்திப் பாருங்கள்.

ஹொரமாவு செல்வி:
குத்தினேன் சார். மற்ற மூன்றிலும் நாலு விரல்கூட இறங்கவில்லை, இந்த மூலையில் ஒரு அடி சரசரவென்று போய்விட்டது. இப்போதுதான் ஞாபகம் வருகிறது, சம்ப் (நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி) தோண்டிய மண்ணை அங்கேதான் கொட்டினார்கள். கிளறினால் செங்கல் துண்டு, சிமென்ட் பை, ஒற்றைச் செருப்பு வேறு வருகிறது.

ரசமட்டம்:
செருப்பு வந்ததல்லவா, வியாதி அதுதான். அந்த மண்ணின்மேல் கான்கிரீட் போட்டால் அதுவும் சாயும், இல்லையென்றால் விரிசல் விடும், பணம்தான் கூடப் போகும். தகர ஷெட்தானே, உள்ளே இருப்பதைக் காலி பண்ணிவிட்டு நாலு பேர் தூக்கி ஓரம் வையுங்கள். சுற்றிலும் அரை அடி கூட விட்டு 7க்கு 9 அடி அளந்து, 4 அங்குலம் மேல்மண்ணை வழித்து எடுங்கள், கெட்ட மூலையில் மட்டும் கெட்டிச் செம்மண் தட்டும்வரை தோண்டுங்கள். அந்தக் குழியை ஒரே மூச்சில் நிரப்பாதீர்கள். 4 அங்குலம் ஜல்லி கொட்டி, லேசாகத் தண்ணீர் தெளித்து, திமிசுக் கட்டையால் இடித்து, அப்புறம் அடுத்த 4 அங்குலம். ஜல்லியோடு கிரஷர் தூளும் (கல் உடைக்கும்போது வரும் தூள்) கலந்து வாங்குங்கள், வெறும் ஜல்லி காலுக்கடியில் உருளும், தூள் சேர்ந்தால்தான் கெட்டிப்படும். வழித்த 4 அங்குல மேல்பரப்பு முழுவதையும் இதே ஜல்லியால் நிரப்ப 21 கன அடி வரும், இடித்தால் குறையும் என்பதால் 27 சொல்லுங்கள், குழிக்குத் தனியாகக் கணக்குப் போடுங்கள். பிளாக்குகள் அப்படியே உதவும். மட்டம் பார்க்கத் தண்ணீர் ஊற்றிய டியூப் போதும்.

கே.ஆர்.புரம் பாபு:
அக்கா, கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் விழுகிறது? எங்கள் ஷெட்டில் அதே மூலையில் கொட்டிக் கொட்டித்தான் குழி விழுந்தது. பிவிசி பைப்பை நெடுக்கில் பாதியாக அறுத்து ஓரத்தில் கட்டினேன், அதோடு நின்றது. இன்னொன்று, தகரம் லேசு. ஏப்ரல், மே காற்றில் எகிறும். நாலு மூலையிலும் ஒன்றரை அடிக் குழி தோண்டி, அதில் மட்டும் கான்கிரீட் போட்டு, கம்பி நட்டுச் சட்டத்தோடு முடுக்கிவிடுங்கள்.

ரசமட்டம்:
பாபு சொல்வது சரி, அதை நான் விட்டுவிட்டேன். நாளைக்கு உள்ளே ஸ்கூட்டர் ஏற்றுவதாக இருந்தால் இதே ஜல்லிமேல் 4 அங்குலம் கான்கிரீட் போட்டுக்கொள்ளலாம், இப்போது வேண்டாம்.

ஹொரமாவு செல்வி:
தண்ணீர் அதே மூலையில்தான் விழுகிறது! இடித்து முடித்துவிட்டோம், என் தம்பிக்கு உள்ளங்கை கொப்புளித்துவிட்டது. பிளாக் வைத்து நூல் பிடித்தால் மூலைக்கு மூலை குறுக்களவு ஒரு பக்கம் 10 அடி 1 அங்குலம், மறுபக்கம் 9 அடி 11. விட்டுவிடலாமா?

ரசமட்டம்:
விடாதீர்கள் அம்மா. 6க்கு 8 என்றால் இரண்டு குறுக்கும் சரியாக 10 அடி வர வேண்டும். பக்க அளவு மாறாமல் பின்வரிசைப் பிளாக்குகளை, நீளக் குறுக்கு குறையும் பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பாருங்கள். சட்டத்தை அதற்கப்புறம் ஏற்றுங்கள், தம்பியின் கை ஆறட்டும்.