சாக்லேட் கஸ்டர்ட் ஓட்டை ஓட்டையாக வருகிறது, அடியில் தண்ணீர் விடுகிறது. உதவி தேவை

ஓடிஜிக்காரி:
வணக்கம். பிரெஞ்சுக்காரர்கள் சின்னக் கிண்ணங்களில் சுட்டெடுக்கும் 'போ த க்ரெம்' சாக்லேட் கஸ்டர்ட் செய்து பார்க்கிறேன். 300 மி.லி. க்ரீம், 200 மி.லி. பால், 5 மஞ்சள் கரு, 50 கிராம் சர்க்கரை, 120 கிராம் டார்க் சாக்லேட். ஓடிஜியில் (மேசை மேல் வைக்கும் சின்ன மின்சார ஓவன்) 180 டிகிரி, 35 நிமிடம். தட்டில் தண்ணீர் ஊற்றி அதில்தான் கிண்ணங்களை வைத்தேன். எடுக்கும்போது நடுப்பகுதி நன்றாக இறுகியிருந்தது. ஆனால் ஓரமெல்லாம் இட்லி மாதிரி ஓட்டை, அடியில் தண்ணீர், முட்டை வாடை வேறு. சாக்லேட்தான் மட்டம் என்கிறார் வீட்டுக்காரர். அப்படியா?

அடுப்படி ஆள்:
சாக்லேட் மேல் பழி வேண்டாம், முட்டை அதிகமாக வெந்துவிட்டது. இந்தக் கலவை 80 டிகிரிக்குள் இறுகிவிடும். 85 தாண்டினால் முட்டைப் புரதம் சுருங்கி, உள்ளே இருந்த நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். அந்தத் தண்ணீரும் ஓட்டையும் அதனால்தான். தட்டில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள்? மேலே மூடினீர்களா?

ஓடிஜிக்காரி:
குழாய்த் தண்ணீர், ஒரு விரல் உயரம் இருக்கும். மூடவில்லை.

அடுப்படி ஆள்:
அது போதாதுங்க. தண்ணீர் 100 டிகிரிக்கு மேல் போகாது, அதனால்தான் அது கிண்ணத்துக்குக் கவசம். கிண்ணத்தின் பாதி உயரத்துக்காவது நிற்க வேண்டும், அதுவும் சுடுதண்ணீராக. தட்டுக்குள், தண்ணீரில் கிண்ணங்களுக்கு அடியில் ஒரு துணி விரித்துவிடுங்கள், கீழ்க் கம்பியின் சூடு நேராக ஏறாது. சூடு 150, ஃபேன் இருந்தால் அணைத்துவிடுங்கள். கிண்ணங்களை ஃபாயிலால் மூடுங்கள்.

இதைவிட முக்கியம், எடுக்கும் நேரம். ஓரம் இறுகி, நடுவில் ஒரு ரூபாய் அகலத்துக்குத் தளதளவென்று ஆடும்போதே எடுத்துவிட வேண்டும். வெளியே வந்த பிறகும் கொஞ்ச நேரம் உள்சூட்டில் வேகும். அப்புறம் ஃப்ரிட்ஜில் நாலு மணி நேரம் இருந்தால் சாக்லேட்டில் உள்ள கோகோ வெண்ணெய் உறைந்து மீதியை இறுக்கும். ஓவனிலேயே கெட்டியாகட்டும் என்று காத்திருந்தால் கதை கெட்டது.

இன்னொன்று, மஞ்சள் கருவை நுரை பொங்க அடிக்காதீர்கள், மெதுவாகக் கலந்தால் போதும். சூடான க்ரீமைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, வடிகட்டிவிட்டுக் கிண்ணத்தில் ஊற்றுங்கள்.

பாயசப்பிரியன்:
ஒரு ஸ்பூன் கார்ன்ஃப்ளோர் போட்டால் இந்த வம்பே இல்லையே, திரியாது.

அடுப்படி ஆள்:
உண்மைதான், மாவு இருந்தால் முட்டை லேசில் திரியாது. எக்லேர் என்கிற நீள பேஸ்ட்ரிக்குள் வைக்கும் முட்டை க்ரீமைக் கொதிக்கவிட முடிவதே அதனால்தான். ஆனால் நாக்கில் மாவு தெரியும். அது புட்டிங், நல்ல புட்டிங்தான், இது இல்லை.

காப்பிக்கொட்டை:
எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. இட்லிப் பானையில் வைக்கலாமா?

அடுப்படி ஆள்:
தாராளமாக. தீயை மிகக் குறைத்து, மூடியைச் சற்றே விலக்கி வையுங்கள். முழு ஆவி 100 டிகிரி, அதில் நிச்சயம் திரியும். மூடியிலிருந்து சொட்டும் நீர் விழாதபடி கிண்ணங்களுக்கு ஃபாயில் கட்டாயம்.

முட்டையை ஆவியில் வைக்கப் பயமாக இருந்தால் 'க்ரெமோ' செய்யுங்கள். பால், க்ரீம், மஞ்சள் கரு, சர்க்கரையை அடுப்பில் கிளறிக்கொண்டே 82 டிகிரி வரை கொண்டுபோய், நறுக்கிய சாக்லேட் மேல் வடிகட்டி ஊற்றி, ஹேண்ட் பிளெண்டரால் ஓட்டி, ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்தால் போதும். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

ஓடிஜிக்காரி:
150-இல் வைத்து, ஆடும்போதே எடுத்தேன். ஓட்டை இல்லை, தண்ணீரும் இல்லை! ஆனால் நாக்கில் மெழுகு ஒட்டுகிற மாதிரி இருக்கிறது. சாக்லேட் பாக்கெட்டில் 'வெஜிடபிள் ஃபேட்' என்று போட்டிருக்கிறது.

அடுப்படி ஆள்:
அப்போது வீட்டுக்காரர் சொன்னதிலும் பாதி சரி! அது காம்பவுண்ட் சாக்லேட், கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பு. பொருள் பட்டியலில் கோகோ வெண்ணெய் உள்ள, மொத்தக் கோகோ 55 முதல் 65 சதவீதம் இருக்கும் டார்க் சாக்லேட்டாகப் பார்த்து வாங்குங்கள். 70-க்கு மேல் போனால் கஸ்டர்ட் ரொம்ப இறுகும், அப்போது 20 கிராம் குறைத்துக்கொள்ளுங்கள்.