சனிக்கிழமைக் காட்டுப் பள்ளி: மதுரைப் பக்கம் எந்த இடம், எத்தனை பேர்?

சிலேட்டு:
6 முதல் 9 வயது வரை 14 பிள்ளைகள். டிசம்பரில் தொடங்கி 10 சனிக்கிழமை, காலை மூணு மணி நேரம் வெளியிலேயே வகுப்பு. வாரம் ஒரு இடம்: சமணர் மலை, ஆனைமலை, அழகர்கோயில், அரிட்டாபட்டி, வண்டியூர் கண்மாய். அனுமதி எங்கே வாங்கணும்? எத்தனை பெரியவர்கள் வேணும்? கத்தி, தீ இரண்டையும் சேர்க்கலாமா?

கண்மாய்க்கரை:
டீச்சர், வாரம் ஒரு இடம்னா அது சுற்றுலா. புது இடத்தில் முதல் நாள் பிள்ளைகள் ஓடித் தீர்ப்பார்கள், அவ்வளவுதான். மூணாவது, நாலாவது வாரம் அதே புற்று, அதே வேப்பமரத்துக்குத் திரும்பும்போதுதான் குனிந்து பார்க்கவே ஆரம்பிப்பார்கள். கடைசி வாரம் தவிர மற்ற வாரமெல்லாம் ஒரே இடம் வையுங்க.

அதுக்கு மலை வேண்டாம். நாகமலை அடிவாரத்தில் தனியார் தோப்பு ஒன்று போதும்: கிணற்றுக்குக் கம்பி மூடி, ஒரு கழிப்பறை, வேன் உள்ளே வரும் பாதை. உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிடுங்க. மாந்தோப்பு என்றால் முசுறு (கடிக்கிற சிவப்பு எறும்பு) கூடு எந்தக் கிளையில் என்று முன்கூட்டியே பார்க்கணும். அழகர்மலை காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் பாதையை விட்டு இறங்க முடியாது. சமணர் மலையிலும் ஆனைமலையிலும் இருப்பவை பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், பாறையில் சாக்பீஸ்கூட படக்கூடாது. பாறைச் சரிவில் மலைத்தேன் அடை தெரிந்தால் புகை, கூச்சல், கல்லெறி மூணும் ஆகாது.

அரிட்டாபட்டி 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமானது, 193 ஹெக்டேருக்குக் கொஞ்சம் மேல். அதைக் கடைசி வாரத்துக்கு ஒரு பைனாகுலரோடு வையுங்க, பாறையில் வல்லூறு பார்க்கலாம். கண்மாயைக் கரையிலிருந்து பார்ப்பதோடு சரி. வண்டல் எடுத்த பள்ளம் தண்ணீருக்கடியில் தெரியாது, முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆள் ஆழம் இருக்கும்.

வேப்பங்குச்சி:
14 பேருக்கு மூணு பெரியவர்கள், வண்டியோடு நாலாவது ஆள். கத்தி வேலைக்கு மட்டும் ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைகள், மற்றவர்களுக்கு அந்த நேரம் வேறு வேலை.

கத்தி என்று தொடங்காதீங்க. முதலில் காய்த்தோல் சீவும் பீலர். கட்டைவிரல் தடிமன், ஒன்றரைச் சாண் நீளத்தில் பச்சைப் புங்கன் குச்சி கொடுங்க. காய்ந்த சீமைக்கருவேலம் இரும்பு மாதிரி, பீலர் வழுக்கிக் கையில் ஏறும். எருக்கு, கள்ளி, அரளி கூடவே கூடாது, பால் கண்ணில் பட்டால் ஆஸ்பத்திரிதான். உட்கார்ந்து, முழங்கையை முட்டியில் ஊன்றி, உடம்பை விட்டு வெளிப்பக்கமாகச் சீவணும். குச்சி பிடிக்கிற கைக்குத்தான் கையுறை. பீலர் பிடிக்கிற கையில் மாட்டினால் பிடி நழுவும், பலர் தலைகீழாகச் செய்வது இதைத்தான்.

தீ ஏழாவது வாரத்துக்கு அப்புறம், தோப்பில் மட்டும். சுற்றி இரண்டு மீட்டர் சருகு கூட்டிய மண்தரை, வாளி நிறையத் தண்ணீர். காலைப் பனியில் சுள்ளி நமத்திருக்கும், பற்றவைக்கத் தேங்காய் நார் நல்லது. பனையோலை சட்டென்று எகிறும். அடுப்புக்கல்லைக் கண்மாயிலிருந்து எடுக்காதீங்க, உள்ளே ஈரம் இருந்தால் சூட்டில் வெடிக்கும்.

முதலுதவிப்பை:
ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டில், பொதுவுக்கு 20 லிட்டர் கேன். சோர்ந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, மட்டமாக அளந்து. உப்பு கூடினால் கெடுதல்.

ஹவாய் செருப்பு வேண்டாம், சீமைக்கருவேல முள் அடியைத் துளைக்கும். காஞ்சொறி பட்டால் தேய்க்காமல் செலோடேப்பை ஒட்டி உரித்து, பிறகு கழுவுங்க. குன்றிமணியை ஆசையாகப் பொறுக்குவார்கள். ஓடு கெட்டி, ஆனால் கடித்து உடைத்தால் விஷம். பை சோதனை போடுங்க.

பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். ஸ்கேலும் துணியும் வைத்து அந்தக் கை, காலை அசையாமல் கட்டி, பிள்ளையை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போகணும். 108. விஷமுறிவு மருந்து உங்கள் தோப்புக்குப் பக்கத்தில் எந்த அரசு மருத்துவமனையில் இருக்கிறது என்று முதல் வாரத்துக்கு முன்னாலேயே நேரில் கேட்டு வையுங்க. ராஜாஜி மருத்துவமனை தொலைவாக இருக்கலாம்.

சிலேட்டு:
தோப்புக்கே மாற்றிவிட்டேன். மழை வந்தால்?

கண்மாய்க்கரை:
தூறலில் நடத்துங்க, மண்புழுவும் மரவட்டையும் அன்றைக்குத்தான் வெளியே வரும். இடி காதில் விழுந்தால் எல்லோரும் வேனுக்குள். தார்ப்பாயைத் தென்னையிலோ பனையிலோ கட்டாதீங்க, மட்டை விழும்.