மேட்டித் துணியும் ரயில் ஜன்னலும்: கிராஸ் ஸ்டிச் போடும்போது சந்தித்தவர்களைப் பற்றிச் சொல்லுங்கள்

செங்கோட்டையிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். கட்டம் எண்ணிப் பெருக்கல் குறி மாதிரித் தையல் போட்டுப் படம் எடுக்கிற இந்தக் கிராஸ் ஸ்டிச்சில் எந்த டிசைன், எங்கே நூல் மலிவு என்று நாம் நிறையப் பேசியாகிவிட்டது. இந்த முறை வேறு ஒன்று கேட்கிறேன். துணியும் ஊசியுமாக வெளியே உட்கார்ந்திருந்தபோது யாராவது பக்கத்தில் வந்து பேசியிருக்கிறார்களா? என்ன பேசினார்கள்? முதலில் என் கதையைச் சொல்கிறேன்.

மகள் கொல்லத்தில் இருக்கிறாள். மாதம் இரண்டு முறை ரயிலில் போய் வருகிறேன். செங்கோட்டையிலிருந்து புனலூருக்கு ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் மலைப்பாதை. வண்டி மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். 2010-ல் மீட்டர் கேஜை நிறுத்திவிட்டு, அகலப் பாதையாக மாற்றி 2018-ல்தான் திரும்ப விட்டார்கள். இடைப்பட்ட வருஷங்களில் பஸ்ஸில் போனவர்களுக்கு இந்த ரயிலின் அருமை தெரியும். பஸ்ஸில் வளைவுகளில் குனிந்து கட்டம் எண்ணினால் இரண்டே நிமிஷத்தில் குமட்டிவிடும். ரயிலில் அந்தத் தொல்லை இல்லை.

ஒன்றை அனுபவத்தில் கற்றுக்கொண்டேன். வீட்டில் போடுகிற வேலை வேறு, ரயிலில் போடுகிற வேலை வேறு. பத்துக் கட்டத்துக்கு நாலு நிறம் மாறுகிற இடத்தையெல்லாம் வீட்டில் மத்தியான வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து முடித்துவிடுவேன். ஒரே நிறத்தில் நிரப்ப வேண்டிய வானம், தண்ணீர், இலைக்கூட்டம் இவைதான் ரயிலுக்கு. கொண்டுபோவதும் கொஞ்சம்தான். ஒரு சோப்பு டப்பாவில் இரண்டு நூல், 24-ஆம் நம்பர் மொட்டை ஊசி இரண்டு, கயிறு கட்டிய சின்னக் கத்தரி. துணியை இழுத்துப் பிடிக்க ஆறு அங்குல வளையம் ஒன்று. டிசைன் தாளை ஜெராக்ஸ் எடுத்து மடித்து வைத்துக்கொள்வேன். பகவதிபுரம் தாண்டிக் குகை வரும்போது ஊசியைத் துணியோரத்தில் குத்திவிட்டுச் சும்மா இருப்பேன். அந்த நீளமான இருட்டு முடிந்து ஆரியங்காவு பச்சை கண்ணில் படும்போது, பார்வை ஓய்வெடுத்து வந்ததுபோல இருக்கும். அப்புறம் கழுதுருட்டிப் பக்கம் பதின்மூன்று கண் பாலம். அங்கேயும் கை நின்றுவிடும்.

போன புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. தென்மலையில் ஒரு அம்மா ஏறி எதிரில் உட்கார்ந்தார். எழுபது தாண்டியிருக்கும். நான் மீன்கொத்தியின் நீல முதுகைப் போட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர் கையை நீட்டினார்.

"மக்களே, அத இங்க தா, பாக்கட்டு."

வாங்கியதும் பறவையைப் பார்க்கவே இல்லை. நேராகத் துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பின்னால் அங்கங்கே முடிச்சு, ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு இழுத்த நூல்.

"முடிச்சு போடப்பிடாது. ரெண்டு தடவ அலசினா முன்னால வந்து முழிச்சுப் பாக்கும்."

சொன்னதோடு நிற்காமல் செய்தும் காட்டினார். ஆறு இழை நூலிலிருந்து ஒரே ஒரு இழையை உருவினார். இரண்டு முழம் அளந்து வெட்டி, இரண்டாக மடித்து, இரண்டு நுனியையும் ஊசியில் கோத்தார். மடிப்பு அந்தப் பக்கம் கண்ணி மாதிரி நின்றது. பின்னாலிருந்து முன்னால் ஊசியை எடுத்து, பாதித் தையல் போட்டுத் திரும்பப் பின்னால் இறக்கி, அந்தக் கண்ணிக்குள் நுழைத்து இழுத்தார். பூட்டியாகிவிட்டது. முடிச்சே இல்லை. அங்குலத்துக்கு 14 கட்டம் வருகிற துணிக்கு இரண்டு இழை சரியாகப் போதும். மடித்த பிறகு ஒரு முழத்துக்கு மேல் நூல் இருந்தால் உரசி உரசிப் பஞ்சாகிவிடும் என்றார். பூ அளக்கிற மாதிரி அவர் முழங்கையில் நூலை அளந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

அப்புறம் துணியை வெளிச்சத்தில் சாய்த்தார். முதுகின் ஒரு பகுதி மட்டும் மங்கலாகத் தெரிந்தது. பெருக்கல் குறியில் மேலே வருகிற கால் எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய வேண்டும். நான் துணியைத் திருப்பிப் பிடித்துப் போட்டதில் நாற்பது ஐம்பது தையல் மாறிச் சாய்ந்திருந்தது. நூலின் பளபளப்பு அதைக் காட்டிக்கொடுத்துவிட்டது. படம் படமாக ஆறு மாதம் பார்த்தும் எனக்குத் தெரியாத குறை அது.

எங்கே கற்றீர்கள் என்று கேட்டேன். "முளகுமூடு மடத்துல. பன்னெண்டு வயசுல" என்றார். கல்யாணமாகித் தென்மலைப் பக்கம் ரப்பர் தோட்டத்துக்கு வந்தவராம். புனலூரில் இறங்கிவிட்டார். வீடு வந்து அந்த ஐம்பது தையலையும் பிரித்துத் திரும்பப் போட்டேன்.

நான் இதைக் கணினியில் பார்த்துக் கற்றுக்கொண்டவள். ஏதோ குளிர்நாட்டுப் பொழுதுபோக்கு, இங்கே நாம்தான் கொண்டுவந்திருக்கிறோம் என்ற எண்ணம் எனக்குள் இருந்தது. உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா?

களியக்காவிளையிலிருந்து:

அக்கா, முளகுமூடு என்று படித்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் பக்கத்துப் பாட்டிமார் நிறையப் பேருக்கு இது கைப்பழக்கம். அந்த மடம், 1897-ல் பெல்ஜியத்திலிருந்து முளகுமூட்டுக்கு வந்த மதர் மேரி லூயிஸ் தெ மேஸ்டர் ஆரம்பித்த கன்னியர் சபையுடையது. அந்தச் சகோதரிகளிடம் லேசும் எம்பிராய்டரியும் கற்ற பெண்கள் சுற்று வட்டாரமெல்லாம் உண்டு. அதற்கும் முன்னால், 1820-களிலேயே நாகர்கோவிலில் மிஷனரியின் மனைவி மார்த்தா மால்ட் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது வேறு வேலைதான், ஆனால் ஊசியும் நூலும் வைத்துப் பெண்கள் சம்பாதிக்கலாம் என்பது எங்கள் ஊரில் அப்போதே தொடங்கிவிட்டது. அன்றைக்கு இதெல்லாம் திருவிதாங்கூர். 1956 நவம்பர் 1-ல்தான் எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. உங்கள் செங்கோட்டையும் அன்றைக்குத்தானே வந்தது? உங்கள் ஊர் நுழைவாயிலில் திருவிதாங்கூரின் சங்கு முத்திரை இன்னும் இருக்கிறதே.

என் அம்மாவின் பெட்டியில் ஒரு மேட்டித் துணி, அதுதான் கட்டம் கட்டமாக நெய்த துணி, இருக்கிறது. சிவப்பு நூலில் எழுத்துகளும் எண்களும் வரிசையாகப் போட்டது. தையல் வகுப்பில் மதிப்பெண்ணுக்காகச் செய்தது என்பார். தலையணை உறையில் 'குட் நைட்', வாசலுக்கு மேல் கண்ணாடிச் சட்டத்தில் சங்கீத வசனம், எல்லாம் இதே பெருக்கல் குறிதான்.

சரி, என் அனுபவம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மா இடுப்பெலும்பு உடைந்து திருவனந்தபுரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் பத்தொன்பது நாள் கிடந்தார். நான்தான் பைஸ்டாண்டர், கூடவே தங்கிப் பார்த்துக்கொள்கிற ஆள். படுக்கைக்குக் கீழே பாய், பக்கத்தில் ஃபிளாஸ்க். இரவில் தூக்கம் வராது. போனைப் பார்த்தால் பயம் கூடும், யாராவது எதையாவது அனுப்பியிருப்பார்கள். அதனால் துணியை எடுத்தேன். எண்ணிக்கொண்டே போடும்போது மனம் வேறு எங்கேயும் ஓட முடியாது. ஓடினால் கட்டம் தப்பும். அந்த நாட்களில் எனக்கு அது மருந்தாகவே இருந்தது.

பக்கத்துக் கட்டிலுக்குத் துணையாக நெடுமங்காட்டிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். மூன்றாம் நாள் கேட்டாள், "சேச்சி, என்னையும் படிப்பிக்குமோ?" மறுநாள் காலையே தெருமுனையில் இருந்த பேன்ஸி கடையில் மேட்டித் துணி கால் மீட்டர் வாங்கிவந்துவிட்டாள். அவளுக்கு அண்ணன் குழந்தையின் பெயரை மலையாளத்தில் போட வேண்டும். எனக்கு அம்மாவின் பெயரைத் தமிழில் போட ஆசை. இரண்டு பேரும் கணக்கு நோட்டின் கட்டத் தாளில் எழுத்து வரைய உட்கார்ந்தோம்.

அப்போதுதான் தெரிந்தது, நம்முடைய எழுத்து எவ்வளவு உருண்டை என்று. ட, ப, ம எல்லாம் கட்டத்துக்கென்றே பிறந்தவை. ண, ஞ, ழ வந்தால் திண்டாட்டம். ஏழு கட்ட உயரத்தில் 'ண' போட்டால் நடுச்சுழி அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடுகிறது. பன்னிரண்டு கட்டம் கொடுத்தால்தான் மூச்சு விடுகிறது. மலையாளத்தில் அதைவிட உருண்டை. கடைசியில் அவள் எழுத்தின் உடம்பைப் பெருக்கல் குறியிலும், வளைகிற ஓரத்தை மட்டும் ஒற்றை இழைப் பின்தையலிலும் (கோடு மாதிரி வருகிற பேக் ஸ்டிச்) போட்டாள். எனக்குத் தோன்றாத யோசனை. அதையே நானும் எடுத்துக்கொண்டேன். சொல்லிக்கொடுத்தது நான், கற்றுக்கொண்டதும் நான்தான். டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் அம்மா அவளுடைய துணியைத் தடவிப் பார்த்துவிட்டு, "பின்னாலயும் வெடிப்பா இருக்கு பிள்ளே" என்றார். சுத்தமாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் அம்மாவும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தார், அக்கா.

கம்பத்திலிருந்து:

நான் ஜீப் ஓட்டுகிறவன். காலையில் கம்பத்திலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு அக்காமார்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாக மேலே போவேன். சாயங்காலம் திரும்பக் கூட்டிவர வேண்டும். நடுவில் முழுப் பகலும் வண்டியில் காத்திருப்பு. மற்றவர்கள் சீட்டு ஆடுவார்கள், தூங்குவார்கள். நான் மூன்று வருஷமாகக் கிராஸ் ஸ்டிச் போடுகிறேன். அண்ணி போடுவதைப் பார்த்து வந்த ஆசை.

ஆரம்பத்தில் மற்ற டிரைவர்கள் பார்த்தால் துணியை சீட்டுக்கு அடியில் வைத்துவிடுவேன். ஒருநாள் வேலை முடிந்து சீக்கிரம் வந்துவிட்ட ஒரு அக்கா பார்த்துவிட்டார். "தம்பி, இது நீயா போட்டது?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஜீப்பில் ஏறிய எல்லோர் கைக்கும் துணி போய்விட்டது. கீழே கம்பம் வந்து சேர்கிற வரைக்கும் அதே பேச்சு. ஏலச்செடியைத்தான் போட்டிருந்தேன். அவர்கள் குறை கண்டுபிடித்தது தையலில் இல்லை, செடியில். "பூ மேல வராது தம்பி. தூர்லேர்ந்து சரம் தரையோட ஓடும், அதுலதான் பூவும் காயும்" என்று ஒரு பெரியம்மா விரலால் வரைந்தே காட்டினார். தினமும் அந்தச் செடிகளுக்கு நடுவிலேயே வண்டியை நிறுத்துகிறேன், நான் குனிந்து பார்த்ததில்லை. அடுத்த நாள் இறங்கிப் போய்ப் பார்த்துத் தாளில் வரைந்துகொண்டேன். இலைக்கு டி.எம்.சி. கம்பெனி நூலில் 3345 முதல் 3348 வரை நாலு பச்சை ஒத்துவருகிறது. நிழலில் இருக்கிற இலைக்கு 3345, குருத்துக்கு 3348. அதை முடித்து அந்தப் பெரியம்மாவிடமே கொடுத்துவிட்டேன். அவர்கள் வீட்டில் டிவிக்கு மேலே மாட்டியிருக்கிறது.

மலையில் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜூன், ஜூலை மழையில் ஊசியைத் துணியிலேயே குத்தி வைக்காதீர்கள். ஒரே வாரத்தில் துருப் பிடித்துக் கறை இறங்கிவிடும். எனக்கு ஆனது. எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து எடுத்தேன், முக்கால்வாசி போனது. வளையத்தையும் அன்றன்றைக்குக் கழற்றிவிட வேண்டும். மாட்டியே வைத்தால் அழுக்கு வட்டமாகப் படிந்துவிடுகிறது.

சித்தூரிலிருந்து (பாலக்காட்டுச் சித்தூர்):

எனக்குப் பெரிய கதை இல்லை, அவசரக் கேள்விதான். நேற்றுக் கோயம்புத்தூர் மெமு ரயிலில் வாளையாறு பக்கம் வரும்போது தண்ணீர் பாட்டில் சாய்ந்து துணி நனைந்துவிட்டது. சிவப்பு இறங்கி வெள்ளையில் ரோஸ் நிறம். எதிரில் இருந்த கல்லூரிப் பெண் தன் துப்பட்டாவால் ஒற்றியெடுத்தாள், பாவம், அவள் துப்பட்டாவும் ரோஸ் ஆனது. பெயர் கூடக் கேட்கவில்லை. நான்கு மாத வேலை. என்ன செய்வது?

செங்கோட்டையிலிருந்து:

முதலில், துணி காய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இதுவரை ஈரமாக இருந்தால் பிழைத்துவிடும். குழாய்க்கு அடியில் பச்சைத் தண்ணீரில் பிடியுங்கள், வெந்நீர் வேண்டாம். சாயம் ஓடுகிற வரை விடாமல் அலசுங்கள், தண்ணீர் தெளிவாக வரும்வரை. பிழியாமல் வெள்ளைத் துண்டில் சுருட்டி ஒற்றுங்கள். துண்டில் சிவப்புப் பட்டால் திரும்பவும் குழாய்க்குப் போங்கள். கறை முழுவதும் போகாமல் இஸ்திரி பெட்டியைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், சூடு பட்டால் பிடித்துக்கொள்ளும். நானும் ஒருமுறை முக்கால் மணி நேரம் குழாயடியில் நின்றிருக்கிறேன். போய்விட்டது.

கம்பம் தம்பி, அந்த ஏலச்செடித் தாளை ஒரு படம் எடுத்துப் போடுங்கள். களியக்காவிளைத் தங்கச்சி, உங்கள் 'ழ' எனக்கு வேண்டும். தென்மலை அம்மாவின் பெயரைக் கேட்டு வைத்திருக்கிறேன், அதில் ஒரு 'ழ' வருகிறது. புத்தக அட்டைத் துணி ஒன்று அவருக்காகப் போடலாம் என்றிருக்கிறேன். ஒன்பது கட்டம் அகலம் போதுமா?

களியக்காவிளையிலிருந்து:

போதாது அக்கா. பதினொன்று விடுங்கள். கீழே வளைந்து திரும்புகிற வாலுக்கு மட்டும் தனியாக மூன்று கட்டம் இறக்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் 'ம' மாதிரி தெரியும். இன்று இரவு வரைந்து அனுப்புகிறேன். பின்தையலை எங்கே தொடங்கி எங்கே முடிக்க வேண்டும் என்று அம்புக்குறியும் போட்டுவிடுகிறேன், அந்த அம்மா கட்டாயம் திருப்பிப் பார்ப்பார்.