ஆகஸ்டில் டிஃபென்சிவ் லைன்: எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது? (அனுபவப் பகிர்வு)

மூணாவது டவுன்:

இது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பற்றிய இழை. ஆஃபென்ஸ் என்றால் பந்தோடு முன்னேறும் பக்கம், டிஃபென்ஸ் என்றால் தடுக்கும் பக்கம். டிஃபென்சிவ் லைன் (டி-லைன்) என்பது தடுக்கும் பக்கத்தின் முன்வரிசை: வழக்கமாக ஓரங்களில் இரண்டு எண்டுகள், நடுவில் இரண்டு டேக்கிள்கள். காலால் உதைக்கிற பந்தைத் தேடி வந்தவர்கள் மன்னிக்கவும்.

ஆகஸ்ட் பிறந்தாலே "இந்த வருஷம் நம்ம டி-லைன்தான் நாட்டிலேயே முதல்" என்று ஆளாளுக்கு ஆரம்பித்துவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால் போன வருஷ சாக் (பந்து வீசும் குவார்ட்டர்பேக்கை, வீசுமுன் வீழ்த்துவது) கணக்கை எடுத்து நீட்டுவார்கள். சாக் கணக்கை மட்டும் வைத்து ஒரு லைனை எடைபோடுவது, வாசல் கோலத்தைப் பார்த்துச் சமையலுக்கு மார்க் போடுகிற மாதிரி.

ஒஹாயோ ஸ்டேட் 2024 அணியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக் சாயர், ஜே.டி. டுயிமோலோவ், டைலீக் வில்லியம்ஸ், டை ஹாமில்டன் நால்வரும் என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) போகாமல் இன்னொரு வருஷம் தங்கினார்கள். எதிர்பார்ப்பு வானத்தைத் தொட்டது. அக்டோபர் 12 அன்று ஒரெகனிடம் 32-31 என்று தோற்றார்கள். ஒரெகனின் குவார்ட்டர்பேக் டில்லன் கேப்ரியலை ஒரு தடவைகூட சாக் செய்யவில்லை. அந்த வாரம் லைன் பயிற்சியாளர் லாரி ஜான்சனைத் திட்டாத ஆளில்லை. அதே ஒரெகன், அதே கேப்ரியல், 2025 ஜனவரி 1 ரோஸ் போல் ஆட்டம்: 8 சாக், 41-21 வெற்றி. ஆள் ஒருவரும் மாறவில்லை. முதல் ஆட்டத்தில் கேப்ரியல் பந்தைச் சட்டென்று கையைவிட்டு அனுப்பினார். ஸ்னாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) ஆனதிலிருந்து இரண்டரை விநாடிக்குள் பந்து போய்விட்டால் எந்த எண்டாலும் போய்ச் சேர முடியாது; எதிரே நின்று தடுக்கிற ஆஃபென்சிவ் டேக்கிளைச் சுற்றி வருவதற்கே அவ்வளவு நேரம் ஆகும். அந்தத் தோல்விக்கு அடுத்து வந்த ஓய்வு வாரத்தில் டிஃபென்ஸ் பயிற்சியாளர் ஜிம் நோல்ஸ் திட்டத்தைத் திருத்தினார். பின்வரிசை முதல் பாஸ் வழியை அடைத்தால் குவார்ட்டர்பேக் இன்னும் அரை விநாடி பந்தைப் பிடித்துக்கொள்கிறார். அந்த அரை விநாடிதான் சாக்.

ஆகவே லைனைப் பற்றிப் பேசும்போது முதலில் கார்னர்பேக்குகள் (பாஸ் வாங்க ஓடுபவரை மறிக்கிற பின்வரிசை ஆட்கள்) யார் என்று கேளுங்கள். இதை எத்தனை தடவை சொன்னாலும் யாரும் கேட்பதில்லை, அது வேறு விஷயம்.

அந்த நால்வரும் 2025 டிராஃப்டில் (என்.எஃப்.எல். அணிகள் ஆள் எடுக்கும் தேர்வில்) போனார்கள். "லைன் காலி" என்றார்கள். ஆனால் கேடன் கர்ரியும் கென்யாட்டா ஜாக்சனும் 2022-லேயே சேர்ந்தவர்கள், கேடன் மெக்டொனால்ட் 2023. மூவரும் முன்னவர்கள் ஆடும்போதே சுழற்சியில் ஸ்னாப் வாங்கியவர்கள். வெளியிலிருந்து வந்தவரில் முக்கியமானவர் நார்த் கரோலினாவின் போ ஆட்கின்சன். முதல் ஆட்டத்திலேயே டெக்சாஸை 14-7 என்று நிறுத்தினார்கள். கோல் லைனுக்கு ஒரு யார்டில் டெக்சாஸ் குவார்ட்டர்பேக் ஆர்ச் மேனிங்கின் ஸ்னீக் (பந்தோடு தானே நடுவில் புகுவது) நின்றதே, அது எண்டுகள் செய்த வேலை இல்லை. நடுவில் இருந்த இருவர் தாழ இறங்கி, ஆஃபென்சிவ் லைனின் நடுவில் நிற்கும் சென்டருக்கும், அவர் பக்கத்துக் கார்டுக்கும் அடியில் புகுந்ததால் நின்றது.

நோஸ் ரசிகை:

கடைசி வரிக்காகவே உங்களுக்கு ஒரு வணக்கம், சார். நடுவில் நிற்பவர்களைப் பற்றிச் சீசனுக்கு முன்னால் ஒருவரும் எழுதுவதில்லை.

ஜார்ஜியா 2021. நோஸ் (நடு டேக்கிள்) ஜோர்டான் டேவிஸ் அந்தச் சீசன் முழுக்க எடுத்தது 2 சாக்தான். அணியின் ஸ்னாப்களில் பாதிகூட அவர் ஆடவில்லை. ஆனாலும் அவுட்லேண்ட் விருது (சிறந்த நடு லைன்மேனுக்கு), பெட்நாரிக் விருது (சிறந்த டிஃபென்ஸ் ஆட்டக்காரருக்கு) இரண்டும் அவருக்கே. ஏன்? அவர் சென்டருக்கு நேர் எதிரிலோ ஒரு தோள் தள்ளியோ நிற்பார். 6 அடி 6 அங்குலம். டிராஃப்டுக்கு முந்தைய எடைபார்ப்பில் 341 பவுண்ட், அதாவது சுமார் 155 கிலோ. அவரை ஒருவர் தடுக்க முடியாது, சென்டரும் கார்டும் சேர்ந்தே தடுக்க வேண்டும். இரண்டு பேர் அவரிடம் மாட்டிக்கொண்டால் டி-லைனுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரைப் போய்த் தடுக்க ஆள் கிடையாது. டேக்கிள் (பந்துக்காரனை வீழ்த்துவது) எண்ணிக்கை லைன்பேக்கர் கணக்கில் ஏறும், வேலை நோஸுடையது.

ஆக, நோஸை எடைபோட வேண்டுமானால் அவரைப் பார்க்காதீர்கள், அவருக்குப் பின்னால் இருக்கும் லைன்பேக்கரின் ஜெர்சியைப் பாருங்கள். கார்டு லைன்பேக்கரை நோக்கி இரண்டு அடி எடுத்து வைப்பதற்குள் அந்த லைன்பேக்கர் பந்துக்காரனிடம் போய்விட்டால் நோஸ் ஜெயித்துவிட்டார். கார்டு சுலபமாகக் கழன்று மேலே ஏறினால், அந்த 340 பவுண்டால் ஒரு பயனும் இல்லை.

இன்னொரு கணக்குக் கோளாறு. கல்லூரி ஆட்டத்தில் சாக்கில் இழந்த யார்டுகள் ரன் (பந்தோடு ஓடுவது) கணக்கில் கழியும், என்.எஃப்.எல்-லில் பாஸ் கணக்கில் கழியும். 2021 தொடக்க ஆட்டத்தில் ஜார்ஜியா கிளெம்சனை 10-3 என்று ஜெயித்தபோது, கிளெம்சனின் ரன் கணக்கு மொத்தம் 2 யார்டு என்று எல்லோரும் கொண்டாடினார்கள். அந்த ஆட்டத்தில் 7 சாக். அதன் இழப்பெல்லாம் அந்த 2-க்குள் ஒளிந்திருக்கிறது. மேலே சொன்ன ரோஸ் போலிலும் ஒரெகனின் ரன் கணக்கு மைனஸ் 23. ஆகவே "போன வருஷம் ரன்னுக்கு எதிராக இத்தனாவது இடம்" என்று யாராவது பட்டியல் போட்டால், சாக் இழப்பை எடுத்துவிட்டு, அசல் ரன் ஓட்டங்களுக்கு மட்டும் சராசரி யார்டு போட்டுப் பாருங்கள். சில அணிகள் பல இடம் கீழே சரியும். பாஸ் ரஷ் (குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது) பலமாகவும் ரன் தடுப்பு சுமாராகவும் இருக்கிற லைன்தான் இந்தப் பட்டியல்களில் அதிகம் தப்பித்துக்கொள்கிறது.

பழைய பெஞ்சு:

டேவிஸோடு ட்ரேவான் வாக்கரையும் சேர்த்துக்கொள்ளுங்கம்மா. 2021-ல் 6 சாக், அவ்வளவுதான். 2022 டிராஃப்டில் முதல் ஆளாகப் போனார். ஜார்ஜியா அவரைப் பல ஸ்னாப்களில் உள்ளே நகர்த்தி, ரன் தடுக்கிற வேலை கொடுத்தது. சாக் குறைந்தது திறமை குறைவால் இல்லை, கொடுத்த வேலை அப்படி.

பயிற்சி மைதானம்:

ஆகஸ்ட் கேம்ப் செய்திகளை எப்படிப் படிப்பது என்று மட்டும் சொல்கிறேன். அதில்தான் ஏமாற்றம் அதிகம்.

முதல் ஆட்டத்துக்கு முன் கல்லூரி விளையாட்டு நிர்வாகமான என்.சி.ஏ.ஏ. கொடுப்பது 25 பயிற்சிகள். முதல் இரண்டு நாள் ஹெல்மெட் மட்டும், உடலில் பேட் (காப்புத் தட்டு) கிடையாது. அந்த இரண்டு நாள் செய்தியில் "புதுப் பையன் மின்னல் மாதிரி" என்று வந்தால் அப்படியே தள்ளிவிடலாம். பேட் இல்லாமல் லைன்மேனை யாரும் அளக்க முடியாது. 2021-லிருந்து முழு மோதல் பயிற்சி 9-க்கு மேல் கூடாது, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் கூடாது, ஒரு பயிற்சியில் 75 நிமிடத்துக்கு மேல் கூடாது. முழு ஸ்கிரிம்மேஜ் (அணிக்குள்ளேயே ஆடும் ஒத்திகை ஆட்டம்) இரண்டே இரண்டு. அந்த இரண்டிலிருந்து கசிந்து வரும் செய்திக்குத்தான் மதிப்பு.

ஒண்டிக்கு ஒண்டி பாஸ் ரஷ் காணொளிகளை நம்பாதீர்கள். அதில் தடுப்பவனுக்கு இருபுறமும் உதவி இல்லை, ரஷ் செய்பவனுக்கு இடம் தாராளம், ரன் வருமா என்ற கவலையும் இல்லை. சராசரி ஆள்கூட அதில் ஹீரோ. அதற்குப் பதிலாக, உள்வரிசை ரன் பயிற்சியில் மூன்று இடங்களைப் பாருங்கள். முதல் அடி: ஆறு அங்குலம் முன்னால், தட்டையாகப் பக்கவாட்டில் இல்லை. கை: எதிராளியின் மார்புத் தட்டில், வெளித்தோளில் இல்லை. உயரம்: அவனுடைய தோள் பேடுக்குக் கீழே இவனுடைய பேட். மூன்றில் முதலில் கெடுவது உயரம். களைத்தவன் நிமிர்வான், நிமிர்ந்தவன் பின்னால் போவான். பயிற்சியின் கடைசிப் பத்து நிமிடத்தில் யார் நிமிர்ந்துவிட்டார்கள் என்று பாருங்கள், நான்காம் குவார்ட்டர் தெரிந்துவிடும்.

எடைச் செய்திகளும் அப்படித்தான். "குளிர்காலத்தில் 20 பவுண்ட் ஏறினான்" என்றால் உடனே மகிழ வேண்டாம். 265 பவுண்டில் வந்த டிஃபென்சிவ் டேக்கிள் 290-க்குப் போக வேண்டியதுதான். ஆனால் ஒரே குளிர்காலத்தில் ஏற்றினால் முதல் அடியின் வேகம் போய்விடும். இரண்டு வருஷத்தில் ஏறியதே தங்கும்.

வசந்தகால ஆட்டத்தின் சாக் கணக்கைக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். குவார்ட்டர்பேக்கைத் தொடக் கூடாது, பக்கத்தில் போனாலே விசில். போதாததற்கு ஆஃபென்சிவ் லைனை இரண்டு அணியாகப் பிரித்துவிடுவார்கள். ஐந்து பேர் சேர்ந்து பழகிச் செய்யும் வேலையை, பழகாத ஐந்து பேர் செய்வார்கள்.

டெப்த் சார்ட்டில் (யார் எந்த இடத்தில் என்ற பட்டியலில்) ஒரு நுணுக்கம்: கல்லூரி மைதானத்தில் பந்து வைக்கும் இடத்துக்கு எல்லையான ஹாஷ் கோடுகளுக்கு இடையே 40 அடி, என்.எஃப்.எல்-லில் பதினெட்டரை அடிதான். பந்து ஒரு ஹாஷில் இருக்கும்போது ஒரு பக்கம் பெரிய வெளி, மறுபக்கம் குறுகல். அதனால் பல அணிகளில் எண்டுகளை வலது இடது என்று வைப்பதில்லை, அகலப் பக்கம், குறுகல் பக்கம் என்றே வைப்பார்கள். ஒருவருடைய சாக் குறைந்தால், அவர் எந்தப் பக்கத்துக்கு மாற்றப்பட்டார் என்று முதலில் விசாரியுங்கள்.

பழைய பெஞ்சு:

என் பெயருக்கு ஏற்ற விஷயத்துக்கு வருகிறேன். முதல் நால்வர் யார் என்பது போஸ்டருக்கு. இரண்டாம் நால்வர் யார் என்பதே கேள்வி.

கிளெம்சன் 2018: கிறிஸ்டியன் வில்கின்ஸ், டெக்ஸ்டர் லாரன்ஸ், கிளெலின் ஃபெரல், ஆஸ்டின் பிரையன்ட். எதிர்பார்ப்பு முழுசாக நிறைவேறிய அபூர்வமான லைன். முதல் மூவரும் 2019 டிராஃப்டின் முதல் சுற்றில் 4, 13, 17-ஆம் இடங்களில் போனார்கள். அரையிறுதிக்குச் சில நாள் முன் மருந்துச் சோதனையால் லாரன்ஸ் ஆட முடியாமல் போனார். சீசன் முழுக்கச் சுழற்சியில் ஆடிய ஆல்பர்ட் ஹக்கின்ஸ் அந்த இடத்துக்கு வந்தார். நோட்ர டாமை 30-3, அலபாமாவை 44-16. இறுதி ஆட்டத்தில் லாரன்ஸ் இல்லாததை நடுவரிசையில் தேடினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அதே கிளெம்சன், 2025. பீட்டர் வுட்ஸ், முந்தைய வருஷம் 11 சாக் எடுத்த டி.ஜே. பார்க்கர் என்று பெயர்கள் பெரிசு. சீசனுக்கு முந்தைய ஏ.பி. செய்தி நிறுவன வரிசையில் 4-ஆம் இடம். சொந்த மைதானத்தில் எல்.எஸ்.யு-விடம் 17-10 தோல்வியோடு தொடங்கி, வழக்கமான சீசனை 7-5 என்று முடித்தார்கள். பழியெல்லாம் லைன் மேல் போட முடியாது, ஆஃபென்ஸும் தடுமாறியது. ஆனால் பெயர் பெரிசாக இருந்தால் எதிரணி திட்டம் போட்டே வரும்: ஆஃபென்சிவ் லைன் ஓரத்தில் நிற்கும் டைட் எண்டை அந்த நட்சத்திரத்தின் பக்கம் நிறுத்தித் தோளில் ஒரு இடி, பிறகு ஆஃபென்சிவ் டேக்கிளிடம் ஒப்படைப்பு. மறுபக்க எண்ட் அந்த நேரத்தில் ஜெயிக்கவில்லை என்றால் நட்சத்திரம் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

ஒரு ஆட்டத்துக்கு எட்டுப் பேராவது நம்பி இறக்கத் தக்கவர்கள் வேண்டும். 300 பவுண்டுக்காரன் அறுபது எழுபது ஸ்னாப் முழுக்க ஆட மாட்டான்.

நோஸ் ரசிகை:

ஜார்ஜியாவுக்கும் அதே 2021-ல் அப்படி ஒரு நாள் வந்தது. எஸ்.இ.சி. (ஜார்ஜியா ஆடும் பிரிவு) இறுதியில் அலபாமா குவார்ட்டர்பேக் பிரைஸ் யங்கை ஒரு சாக்கும் எடுக்க முடியாமல் 41-24 தோல்வி. ஐந்தே வாரத்தில் அதே அலபாமாவோடு தேசிய இறுதியில் 4 சாக், 33-18 வெற்றி. "மூணாவது டவுன்" சொன்ன ஒரெகன் கதைக்கு இது அண்ணன்.

பயிற்சி மைதானம்:

சுழற்சி பற்றிப் பேச்சு வந்ததால் ஒன்று. ஆஃபென்ஸ் ஆள் மாற்றினால்தான் டிஃபென்ஸுக்கு மாற்ற நேரம் கொடுப்பார் நடுவர். ஆள் மாற்றாமல் வேகமாக ஓட்டினால், உள்ளே மாட்டிய நால்வர் எட்டு, பத்து ஸ்னாப் தொடர்ந்து ஆட வேண்டும். அப்போது யாராவது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்வது பழைய தந்திரம். 2025-லிருந்து அதற்கும் விலை வந்துவிட்டது: பந்தை அடுத்த ஸ்னாப்புக்கு வைத்த பிறகு மருத்துவ ஆள் உள்ளே வந்தால் அணிக்கு ஒரு டைம் அவுட் போகும், டைம் அவுட் இல்லையென்றால் 5 யார்டு.

ஆகவே முதல் ஆட்டத்தில் சாக்கை எண்ணாமல், எதிரணி வேகமாக ஓட்டும் முதல் டிரைவில் (பந்தோடு தொடர்ந்து முன்னேறும் வரிசையில்) ஆறாவது ஸ்னாப்புக்குப் பிறகு நடு டேக்கிள்களின் முதுகைப் பாருங்கள். கை தரையில் ஊன்றும்போது இடுப்பு மேலே தூக்கியிருந்தால், ஆள் ஏற்கெனவே தீர்ந்துவிட்டார். அடுத்த ஸ்னாப் நடுவழியாகத்தான் வரும்.