கோல் ஊன்றாத அவ்வை

தர்மபுரி அதியமான்கோட்டைப் பக்கம் பிறந்தவளுக்கு நெல்லிக்கனிக் கதையை யாரும் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பள்ளி ஆண்டு விழாவில் மூன்று வருடம் நான்தான் அவ்வை. தலையில் பவுடரைக் கொட்டி, வெள்ளைச் சேலை சுற்றி, கையில் கோலைக் கொடுத்து, "முதுகைக் குனி" என்பார்கள். எட்டு வயதிலேயே கிழவி.

சென்னையில் கல்லூரி படித்தபோது கவிஞர் இன்குலாப் எழுதி அ. மங்கை இயக்கிய 'அவ்வை' நாடகத்தைப் பார்த்தேன். மேடைக்கு வந்தவள் கிழவியே இல்லை. பாணர் கூட்டத்தோடு ஊர் ஊராகப் போய் ஆடிப்பாடுகிற விறலி. மன்னன் அதியமானோடு கள் குடிக்கிறாள், பாடுகிறாள். எனக்குக் கோபம்தான் வந்தது. எங்க ஊர்ப் பாட்டியை இப்படியா காட்டுவது?

விடுதிக்கு வந்து புறநானூற்றைப் புரட்டினேன். 235ஆம் பாட்டு, அதியன் இறந்தபின் அவ்வை பாடியது: 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே'. கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே தந்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப்பாடத் தானும் மகிழ்ந்து குடிப்பான், அதெல்லாம் போயிற்றே என்று அழுகிறாள். 95ஆம் பாட்டில் தொண்டைமான் என்ற மன்னனிடம் போய், உன் ஆயுதங்கள் மயிற்பீலி சூடி நெய் பூசிப் பளபளவென்று இருக்கின்றன, எங்கள் அதியனுடையவையோ போரில் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று நக்கல் செய்கிறாள். ஆத்திசூடி பாடிய அவ்வை பல நூற்றாண்டு கழித்து வந்த வேறொருவர். இரண்டு பேரையும் ஒன்றாக்கிக் கையில் கோலைக் கொடுத்தது நாம்தான்.

அதற்குப் பிறகு மங்கையின் பெயரை எங்கே பார்த்தாலும் நின்று படிப்பேன். ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துகொண்டே சென்னைக் கலைக்குழு, மரப்பாச்சி என்று குழுக்களோடு நாடகம் போட்டவர். பெண்சிசுக் கொலையைப் பற்றி 'பச்ச மண்ணு', திருநங்கைகளோடு கண்ணாடி கலைக்குழு, இந்திய நாடகத்தில் பாலினம் பற்றி 2015இல் ஆங்கிலத்தில் ஒரு புத்தகம். வகுப்பில் பேசுவதை அப்படியே தெருவுக்கும் கொண்டுபோனவர்கள் ரொம்பக் குறைவு. உங்கள் அனுபவங்களையும் எழுதுங்களேன்.

*

பென்னாகரம் பக்கத்திலிருந்து:

என் தாத்தா கூத்தில் பெண்வேஷம் கட்டியவர். துகிலுரிதல் அன்றைக்கு ஊரே அவர் காலில் விழும், கற்பூரம் காட்டும். விடிந்து அரிதாரத்தைக் கழுவிவிட்டு டீக்கடைக்குப் போனால், "என்ன பாஞ்சாலி, புடவை எங்கே?" என்று அதே ஆட்கள் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

எங்கள் உறவில் ஒரு திருநங்கை அக்கா இருந்தார். கூத்து ஜமாவில் இருந்தவர்களுக்குக் கொண்டை முடிந்துவிடுவது, பொட்டு எழுதுவது எல்லாம் அவர்தான். ஒரு நாள்கூட வேஷம் தரவில்லை. ஆண் பெண்ணாக வரலாம், அவர் மட்டும் திரைக்குப் பின்னால். நல்லதங்காள் வேஷம் கேட்டுப் பார்த்தாராம். "உனக்கு எதுக்கு வேஷம்?" என்றார்களாம். பிறகு பெங்களூருக்குப் போனவர் திரும்பவில்லை.

திருநங்கைகளே மேடையேறித் தங்கள் கதையைச் சொன்ன கண்ணாடி கலைக்குழு நாடகம் ஒன்றைச் சென்னையில் பார்த்தேன். பாதிக்கு மேல் என் கவனம் நாடகத்தில் இல்லை. அந்த அக்கா எனக்குப் பொட்டு வைத்துவிட்ட விரல்தான் ஞாபகத்தில் இருந்தது.

*

கிருஷ்ணகிரியிலிருந்து:

எங்கள் ஊர் அப்போது தர்மபுரி மாவட்டம்தான், 2004இல்தான் பிரிந்தது. 1998இல் பெண்சிசுக் கொலைக்கு எதிராக அரசு நடத்திய கலைப்பயணம் எங்கள் ஊருக்கும் வந்தது. பாட்டு, பறை, நாடகம். எனக்குப் பத்து வயது, பாட்டி மடியில் உட்கார்ந்திருந்தேன். தொட்டிலைக் காட்டும் இடத்தில் பாட்டி என்னை இறக்கிவிட்டு எழுந்து போய்விட்டார். தேடிப் போனேன். மாட்டுக் கொட்டகையில் நின்றிருந்தார். ஏன் என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு முன்னால் பிறந்த பெரியம்மாக்கள் எத்தனை பேர் என்பது எங்கள் வீட்டில் இன்றைக்கும் யாரும் கேட்காத கேள்வி.

*

முதலில் எழுதியவள்:

படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் எழுத வரவில்லை.

சரி, ஒரு சின்னச் செய்தி. தங்கை மகளுக்கு இந்த வருடம் ஆண்டு விழாவில் அவ்வை வேஷமாம். கோலும் வெள்ளைத் தலையும் கட்டாயம் என்று டீச்சர் சொல்லி அனுப்பியிருக்கிறார். பவுடர் டப்பாவை நான் ஒளித்து வைத்திருக்கிறேன்.