கைகாக்ஸ் தனியாளா கண்டுபிடிச்சாராம்! அந்த 18 பக்கம் பத்தி ஒரு பஞ்சாயத்து

பிளாக்மூர்_பாண்டி:
நேத்து இங்க ஒரு பதிவு பாத்தேன். டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற கற்பனைச் சாகச டேபிள் கேமை கேரி கைகாக்ஸ் தனியாளா உக்காந்து கண்டுபிடிச்சாராம், டேவ் ஆர்னசன் "ஏதோ 18 பக்கம் கிறுக்கிக் குடுத்தவர்"னு போற போக்குல ஒரே ஒரு வரி. படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. 1971லயே அமெரிக்கால மினசோட்டால ஆர்னசன் பிளாக்மூர்னு ஒரு கேம்பெய்ன், அதாவது தொடர்கதை மாதிரி ஒரு ஆட்டம், ஓட்டிட்டு இருந்தாரு, ஆளாளுக்கு ஒரு கேரக்டர், கோட்டைக்கு அடியில சுரங்கம், உள்ள போய் உயிரோட வந்தா அடுத்த வாரம் அதே ஆளு இன்னும் பலமா வருவான். 1972 கடைசில அதை கைகாக்ஸோட ஊரு லேக் ஜெனிவாக்கு எடுத்துட்டுப் போய் அவருக்கு ஆடிக் காட்டினாரு. ஆடிப் பாத்துட்டு "நோட்ஸ் அனுப்புப்பா"ன்னு அந்த 18 பக்கத்தைக் கேட்டது யாரு? கைகாக்ஸ். கேட்டு வாங்கினவர் கண்டுபிடிச்சவர், குடுத்தவர் கிறுக்கினவரா? நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

ஜெனிவா_ஜெகன்:
அந்தப் பதிவை எழுதினது நான்தான்னு உங்களுக்கு நல்லாவே தெரியும் பாண்டி, "ஒரு பதிவு பாத்தேன்"னு எதுக்கு இந்த டிராமா. 18 பக்கம்னா 18 பக்கம்தான், அதுவும் பாதிக்கு மேல கையெழுத்து. அதை வெச்சு ஊர் பேர் தெரியாதவன் ஒருத்தன் வீட்ல உக்காந்து ஆட முடியுமா? முடியாது. கைகாக்ஸ் டைப்ரைட்டர்ல உக்காந்து முதல்ல 50 பக்கம், அப்புறம் 150 பக்கம்னு அடிச்சாரு. 1970ல இன்ஷூரன்ஸ் வேலை போச்சு, அஞ்சு பிள்ளைங்க, வீட்டு பேஸ்மென்ட்ல செருப்பு தைச்சு ரிப்பேர் பண்ணி குடும்பம் ஓட்டின மனுஷன் ராத்திரி உக்காந்து எழுதினது. 18 எங்க 150 எங்க, கணக்கு தெரிஞ்சவங்க போட்டுப் பாருங்க.

பிளாக்மூர்_பாண்டி:
பக்கக் கணக்கு வெச்சுத்தான் பேசணும்னா பேப்பர் மில்காரன்தான் கண்டுபிடிச்சவன். அந்த 18ங்கிற நம்பரை வெளிய சொன்னதே கைகாக்ஸ்தான், அதுவும் கோர்ட்டு கேஸ்னு வந்த மனஸ்தாபத்துக்கு அப்புறம். எதிராளி சொன்ன கணக்கை வேதவாக்கா எடுத்துட்டு வந்து முட்டு குடுக்கறீங்க. அதுபோக 18 பக்கத்துல என்ன இருந்துச்சுன்னு பேச மாட்டீங்களே? அதைப் பேசுனா கதை கந்தலாயிடும்ல.

சும்மா_வந்தவன்:
ரெண்டு பேருக்கும் வணக்கம். "கண்டுபிடிச்சது"ன்னு நீங்க எதைச் சொல்றீங்க? ஐடியா வந்ததையா, விதியா எழுதினதையா, இல்ல அச்சடிச்சு வித்ததையா? அதை முதல்ல முடிவு பண்ணிட்டா பாதி சண்டை குறையுமே.

பிளாக்மூர்_பாண்டி:
தம்பி கொஞ்சம் ஓரமா நில்லுங்க, பெரியவங்க பேசிட்டு இருக்கோம்.

ஜெகன், ஹிட் பாயின்ட்டுக்கு வாங்க, அதான் ஒரு ஆளு எவ்வளவு அடி தாங்குவான்ங்கற கணக்கு. கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் சேந்து 1971ல போட்ட செயின்மெயில்ங்கற பொம்மைப் படைச் சண்டை விதி புக்குல சாதா சிப்பாய் ஒரு அடி வாங்கினா செத்தான், எடுத்து ஓரமா வெச்சிடணும். பிளாக்மூர் டேபிள்ல பசங்களுக்கு அது பிடிக்கல, வாரக்கணக்குல வளத்த ஆளு ஒரே உருட்டுல போறான்னா யாருக்குத்தான் பிடிக்கும். அப்பத்தான் ஆர்னசன் தன்னோட இரும்புக் கப்பல் சண்டை விதில இருந்து ஹிட் பாயின்ட்டையும் ஆர்மர் கிளாஸையும் (கவசம் எவ்வளவு தடுக்கும்ங்கற நம்பர்) எடுத்துட்டு வந்தாரு, கப்பல் ஒரே குண்டுல மூழ்காதுல்ல, அடி வாங்கி வாங்கித்தானே மூழ்கும், அதே மாதிரி மனுஷன். இன்னிக்கு கம்ப்யூட்டர்ல ஆடுற கேம்ல எல்லாம் தலைக்கு மேல ஒரு சிவப்புக் கோடு குறையுது பாருங்க, அதுக்குப் பாட்டன் அதுதான். அது எத்தனை பக்கம்? அரைப் பக்கம் இருக்குமா? அரைப் பக்கம்தான்யா, ஆனா உங்க 150 பக்கத்துல அந்த அரைப் பக்கத்தைக் கிழிச்சுட்டு ஆடிப் பாருங்க.

ஜெனிவா_ஜெகன்:
வந்துட்டாரு கப்பல் எடுத்துட்டு. செயின்மெயிலோட பின்னாடி இருக்கற ஃபேன்டஸி பகுதியைப் படிச்சிருக்கீங்களா இல்லையா? ஹீரோன்னா நாலு ஆளுக்குச் சமம், ஒரே நேரத்துல நாலு அடி விழுந்தாத்தான் சாவான். சூப்பர்ஹீரோ எட்டு ஆளுக்குச் சமம். "ஒருத்தன் பல அடி தாங்குவான்"ங்கற விதை அங்கயே இருக்கு. மந்திரவாதி, டிராகன், நெருப்பு உருண்டை எல்லாம் அதே பகுதில இருந்துதான் பிளாக்மூருக்கே போச்சு. ஆர்னசன் ஆடின ஆட்டத்துக்கு அஸ்திவாரமே கைகாக்ஸ் புக்கு, அந்த அஸ்திவாரம் மேல நின்னுட்டு 18 பக்கம் எழுதினாரு. இன்னொண்ணு, கப்பல் விதின்னு பீத்திக்கறீங்களே, ஆர்னசன் பேர்ல அச்சான கப்பல் புக்குலயும் கைகாக்ஸ் பேர் இருக்கு, மைக் கார் பேர் இருக்கு, மூணு பேர் எழுதினது.

பிளாக்மூர்_பாண்டி:
அது பாய்மரக் கப்பல் புக்கு!! நான் சொன்னது இரும்புக் கப்பல்!! ரெண்டும் வேற வேற விதி!! இது கூடத் தெரியாம "படிச்சிருக்கீங்களா"ன்னு என்கிட்ட கேக்கறாரு. அப்புறம் நாலு அடியும் "ஒரே நேரத்துல" விழணும்னு நீங்களே எழுதிட்டீங்க, நன்றி. மூணு அடி விழுந்தா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாது, புது மாப்பிள்ளை மாதிரி நிப்பான். ஹிட் பாயின்ட்னா அடி மிச்சம் இருக்கணும், நாளைக்கும் இருக்கணும். நீங்களே கோல் போட்டுக்கிட்டீங்க ஜெகன்.

இருபதுமுக_ஈஸ்வரி:
ரெண்டு பேரும் ரெண்டு ஆம்பளை பேரையே பிடிச்சுத் தொங்கறீங்க, நடுவுல ஒரு ஆளு காணாமப் போயிட்டாரு. டேவிட் வெஸ்லி. 1969ல பிரான்ஸ்டைன்னு ஒரு நெப்போலியன் காலத்து கற்பனை ஊரை வெச்சு, படையை நகத்துறதுக்குப் பதிலா ஒவ்வொருத்தருக்கும் ஊர்ல ஒரு ஆளைக் குடுத்தாரு, நீ மேயர், நீ மாணவன்னு. ஆட வந்தவங்க எல்லாம் படையை மறந்துட்டு ஒருத்தரோட ஒருத்தர் சண்டை போட்டு, பேரம் பேசி, அவருக்கே தலை சுத்திடுச்சு. அந்த டேபிள்ல ஆடின ஆளுதான் ஆர்னசன். அப்ப பாண்டி சொல்ற லாஜிக்படி பாத்தா ஆர்னசனே வாங்கினவர்தான்.

ஜெனிவா_ஜெகன்:
ஈஸ்வரி மேடம் சரியாச் சொன்னீங்க 😂 பாண்டி இதுக்குப் பதில்?

பிளாக்மூர்_பாண்டி:
வெஸ்லியை நான் எப்பவும் மறுத்ததே இல்ல, பழைய த்ரெட்ல போய்ப் பாருங்க. ஆர்னசன் தானே வெஸ்லி பேரை மறைக்கல. மறைக்கறது யாரோட பழக்கம்னு ஊருக்கே தெரியும். ஈஸ்வரி, நீங்க நடுநிலைன்னு வேஷம் போட்டுட்டு எப்பவும் ஜெகனுக்குத்தான் சொம்பு தூக்குவீங்க, போன தடவை நாலாவது எடிஷன் சண்டைலயும் இதேதான்.

இருபதுமுக_ஈஸ்வரி:
நான் ஜெகனுக்கு சொம்பா? நல்லா கேட்டுக்கோங்க. பொம்பளைங்க மூளை அமைப்பே வேற, அதனாலதான் அவங்க இந்த கேம் ஆட வர்றதில்லன்னு வெளிப்படையா எழுதின மனுஷன் ஜெகனோட கைகாக்ஸ். ஆட்டத்தை நடத்தறவருக்காக அவர் எழுதின 1979 டஞ்சன் மாஸ்டர் கைடுல தெருவுல எதிர்ப்படற விலைமாதுல எத்தனை ரகம்னு டைஸ் உருட்ட ஒரு டேபிள் வேற. அதையும் உங்க 150 பக்கத்துல சேத்துக்கோங்க ஜெகன்.

ஜெனிவா_ஜெகன்:
மேடம் அந்தக் காலத்து ஆளை இந்தக் காலத்துத் தராசுல வைக்கக் கூடாது. அவரோட சுரங்கத்துல முதல் முதலா ஆடினதே அவர் மகனும் மகளும்தான், அதைச் சொல்ல மாட்டீங்க. கேமுக்குப் பேரு வெச்சதுலயும் ஒரு மகளுக்குப் பங்கு இருக்கு, பேர் லிஸ்ட்டைப் படிச்சுக் காட்டினப்போ சின்னப் பொண்ணு ஒருத்தி இதுதான் நல்லா இருக்குன்னு கை காட்டினதுதான் இன்னிக்கு வரைக்கும் இருக்கு.

இருபதுமுக_ஈஸ்வரி:
மூளை பத்தி அவர் எழுதினது "அந்தக் காலம்" எல்லாம் இல்ல, இன்டர்நெட் வந்து எவ்வளவோ வருஷம் கழிச்சு. பொண்ணு ஆடினாங்கறீங்க, அப்ப அந்தப் பொண்ணுக்கு மட்டும் மூளை எப்படி வேலை செஞ்சுதாம்?

பிளாக்மூர்_பாண்டி:
திசை திருப்பாதீங்க ரெண்டு பேரும். 18 பக்கத்துக்கு வாங்க.

1974 ஜனவரில இந்த கேம் முதல் முதலா வந்த அந்த மரக்கலர் பெட்டியைப் பாருங்க. உள்ள மூணு சின்ன புக்கு, விலை 10 டாலர், முதல் தடவை 1000 காப்பி. மேல என்ன போட்டிருக்கு? கைகாக்ஸ் அண்ட் ஆர்னசன். ரெண்டு பேர். கைகாக்ஸே அச்சடிச்ச பெட்டில அவரே போட்ட பேர். அப்புறம் 1977ல இருந்து 1979க்குள்ள அட்வான்ஸ்டுன்னு ஒரு வார்த்தையை முன்னாடி ஒட்டி மூணு கெட்டி அட்டை புக்கு போட்டாங்க, அதுல எழுதினவர் கைகாக்ஸ் மட்டும். இது வேற கேமுங்க, ஆர்னசனுக்கு ராயல்டி கிடையாதுங்கன்னுட்டாங்க. ஹிட் பாயின்ட் இருக்கு, ஆர்மர் கிளாஸ் இருக்கு, லெவல் இருக்கு, சுரங்கம் இருக்கு, ஆனா வேற கேமாம். ஆர்னசன் 1976 ஆரம்பத்துல கைகாக்ஸோட கம்பெனி டிஎஸ்ஆர்ல வேலைக்குச் சேந்து அந்த வருஷமே வெளிய வந்தவரு, 1979ல கேஸ் போட்டாரு, 1981ல சமரசம் ஆச்சு. சும்மா 18 பக்கம் கிறுக்கினவருக்கு எவனாவது சமரசம் பேசுவானா? சொல்லுங்க ஜெகன். எவனாவது பேசுவானா?

லெவல்_ஒன்:
அண்ணா நான் பால்டர்ஸ் கேட் கம்ப்யூட்டர் கேம் ஆடித்தான் இதெல்லாம் தெரிஞ்சுகிட்டேன், இவங்க ரெண்டு பேருமே யாருன்னு இப்பத்தான் கேள்விப்படறேன் 😅 இப்ப உயிரோட இருக்காங்களா?

ஜெனிவா_ஜெகன்:
கைகாக்ஸ் 2008 மார்ச்ல போயிட்டாரு தம்பி, ஆர்னசன் 2009 ஏப்ரல்ல. அடுத்தடுத்து. கூகுள்னு ஒண்ணு இருக்கு.

பாண்டி, சமரசம்னா ஒத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம் இல்ல, வக்கீல் ஃபீஸ் மிச்சம்னு அர்த்தம். பெட்டில பேர் போட்டாருன்னு நீங்களே சொல்றீங்க, அப்ப எங்க மறைச்சாரு? முன்னுரைலயும் ஆர்னசன் பேரைச் சொல்லி, பிளாக்மூரைச் சொல்லித்தான் ஆரம்பிக்கறாரு. யாரும் போடாத காசை கைகாக்ஸும் அவர் நண்பர் டான் கேயும் ஆளுக்கு 1000 டாலர்னு போட்டு 1973ல டிஎஸ்ஆர் கம்பெனி ஆரம்பிச்சு, பிரையன் ப்ளூம்கிட்ட 2000 டாலர் வாங்கி அச்சடிச்சாங்க. டான் கே 1975 ஜனவரில ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு, அவர் வீட்டு டைனிங் ரூம்தான் ஆபீஸே. 1968ல வாடகைக்கு ஹால் பிடிச்சு ஜென் கான்ங்கற கேம் மாநாட்டை ஆரம்பிச்சதும் கைகாக்ஸ்தான், 1969ல ஆர்னசன் அவரைச் சந்திச்சதே அங்கதான். ஜென் கான் இல்லன்னா உங்க ஆளு மினசோட்டாலயே கப்பல் விட்டுட்டு இருந்திருப்பாரு.

பிளாக்மூர்_பாண்டி:
முன்னுரையா! நீங்களே வாயைக் குடுத்து மாட்டறீங்க. அந்த முன்னுரைல என்ன எழுதியிருக்காரு? தங்களோட "கிரேட் கிங்டம்"ங்கற கற்பனை நாட்டு மேப்புல ஒரு நல்ல சதுப்பு நிலத்தைத் தேடிப் பிடிச்சு ஆர்னசன் தன் பிளாக்மூரை அங்க குடி வெச்சாருங்கற மாதிரி. அதாவது எங்க வீட்டுக் கொல்லைல குடிசை போட்டவர்ங்கற தொனி. பாராட்டற மாதிரியே ஓரங்கட்டறது. ஜெகன் என்னைப் பாராட்டும்போதும் இதே தொனிதான் வரும், கவனிச்சிருக்கேன்.

ஜெனிவா_ஜெகன்:
ஓ இப்பப் புரியுது. இது ஆர்னசன் விஷயமே இல்ல. அன்னிக்கு என் டேபிள்ல உங்க திருடன் கேரக்டர் செத்தான்ல, அந்தக் காண்டு இன்னும் போகல.

பிளாக்மூர்_பாண்டி:
செத்தான் இல்ல, கொன்னீங்க. மூணு ஹிட் பாயின்ட்டோட கதவுப் பூட்டைத் திறந்துட்டு இருந்தவனை உத்தரத்துல இருந்து ஒரு பல்லியை விட்டுக் கொன்னீங்க. டைஸை ஸ்க்ரீனுக்குப் பின்னாடி உருட்டிட்டு "பதினெட்டு"ன்னீங்க, யாரு பாத்தா? உங்களுக்கு அந்த நம்பர் மேல அப்படி என்ன பாசமோ.

இருபதுமுக_ஈஸ்வரி:
நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், பதினெட்டுதான் விழுந்துச்சு.

பிளாக்மூர்_பாண்டி:
சொம்பு.

இருபதுமுக_ஈஸ்வரி:
மரியாதையாப் பேசுங்க பாண்டி. நான் இதே த்ரெட்ல கைகாக்ஸைக் கிழிச்சிருக்கேன், மேல போய்ப் பாருங்க.

சும்மா_வந்தவன்:
அந்த 1974 பெட்டி மேல "வார்கேம்ஸ் கேம்பெய்ன்"னுதான், அதாவது படைச் சண்டை ஆட்டம்னுதான் போட்டிருக்கு, ரோல்பிளேயிங்னு, அதாவது ஒரு கேரக்டரா மாறி ஆடுறதுன்னு ஒரு வார்த்தை கூட இல்ல. அதனாலதான் கேட்டேன், எதை யாரு கண்டுபிடிச்சாங்கன்னு பேசறோம்?

ஜெனிவா_ஜெகன்:
ப்ரோ நீங்க வேற. பாண்டி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கைகாக்ஸ் என்ன ராஜபோகமா வாழ்ந்தாரு? 1985ல டிஎஸ்ஆர்ல நிர்வாகியா இருந்த லொரெய்ன் வில்லியம்ஸ் ப்ளூம் சகோதரர்களோட ஷேரை வாங்கி கம்பெனியைக் கைப்பத்தினாங்க, கோர்ட்டுக்குப் போனாரு, தோத்தாரு, தான் ஆரம்பிச்ச கம்பெனில இருந்தே வெளிய. அப்புறம் 1992ல புதுசா டேஞ்சரஸ் ஜர்னீஸ்னு ஒரு கேம் எழுதினா அதுக்கும் அதே டிஎஸ்ஆர் கேஸ் போட்டுச்சு, தன் கேமையே காப்பி அடிச்சாருன்னு! எண்பதுகள்ல இந்த கேம் ஆடினா பிள்ளைங்க சாத்தான் வழிபாடு பண்ணுவாங்க, தற்கொலை பண்ணிக்குவாங்கன்னு டிவில பஞ்சாயத்து வெச்சப்போ கேமரா முன்னாடி உக்காந்து பதில் சொன்னது யாரு? கைகாக்ஸ். அடி வாங்க மட்டும் அவர், பேர் வரும்போது மட்டும் ரெண்டு பேரா?

பிளாக்மூர்_பாண்டி:
"இது வேற கேம், உனக்குப் பங்கு இல்ல"ன்னு ஒருத்தருக்குச் சொன்ன கம்பெனி, பின்னாடி இவர்கிட்ட "இது அதே கேம், நீ எழுதக் கூடாது"ன்னுச்சு. வினை விதைச்சா வேற என்ன முளைக்கும்.

ஜெனிவா_ஜெகன்:
செத்தவரைப் பத்தி இப்படிப் பேசறதுக்கு வெக்கமா இல்லையா?

பிளாக்மூர்_பாண்டி:
"18 பக்கம் கிறுக்கினவர்"னு நீங்க எழுதினவர் மட்டும் உயிரோட உக்காந்து காப்பி குடிச்சுட்டு இருக்காரா?

சரி இதுக்குப் பதில் சொல்லுங்க. பெட்டில கைகாக்ஸ் முதல்ல, ஆர்னசன் ரெண்டாவது. எழுத்து வரிசைப்படி ஆர்னசன்தானே முதல்ல வரணும்? ஏன் வரல?

ஜெனிவா_ஜெகன்:
எழுதினவர் பேர் முதல்ல வரும். அவ்வளவுதான். எல்கேஜி அட்டெண்டன்ஸா எடுக்கறாங்க எழுத்து வரிசைல கூப்பிட?

பிளாக்மூர்_பாண்டி:
அப்ப செயின்மெயில்ல அடிப்படை விதியை முதல்ல எழுதினது பெர்ரன், அதுல ஏன் கைகாக்ஸ் பேர் முதல்ல? இப்ப சொல்லுங்க பாப்போம். அது எத்தனை பக்கம்னும் சேத்துச் சொல்லுங்க, நான் லைன்லயே இருக்கேன்.